நாற்பத்தொரு கோட்டுகள்

அன்பு மகனுக்கு,

இதை நான் தமிழில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன எட்டு வருடமும் வீண்போகவில்லை என்று ஒருமுறையாவது எனக்குத் தெரிய வேண்டும். மெல்ல வாசி. விளங்காத இடத்தில் கைத்தொலைபேசியிடம் கேட்காதே. அது என்னை டெனிஷ்காரியாக்கி, நான் சொல்லாததையெல்லாம் சொல்லும். அப்பாவிடம் கேள். இதில் இருப்பது முழுவதும் அவருக்கு நேற்றிலிருந்து தெரியும். நேற்றுவரை தெரியாது. இதன் முதல் பிரதியை வாசித்து முடித்ததும் அவர் வெளியே போய் சைக்கிளுக்குக் காற்றடித்தார். முதல் நாள்தான் காற்றடித்த சைக்கிள் அது. திரும்பி வந்து, "இதை எப்பவோ சொல்லியிருக்க வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் போட்டார்.

வருகிற வியாழக்கிழமை நீ ஜோர்தானுக்குப் போகிறாய். முந்திப் போனது மூன்று மாதம். இந்த முறை இரண்டு வருடம், அதுவும் அகதி முகாமில் குளிர்காலச் சாமான்கள் பகிர்ந்து கொடுக்கிற வேலைக்குப் பொறுப்பாக. கல்யாணப் பேச்சிலிருந்து தப்புவதற்கு இவன் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள் என்று எங்கள் மாதா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறேன். சிரிப்பது வாய் மட்டும்தான். உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை, ஆனால் மறிக்கவும் மாட்டேன். முப்பது வயதுப் பிள்ளையை மறித்து என்ன செய்வது. நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று ஏழு வருடமாக என்னிடம் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை அந்த வேலைக்கு அனுப்பினால், அங்கே நீ சாமான் களஞ்சியக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் நான் உனக்குப் பொய் சொல்கிற நாளாகத்தான் இருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு பங்குனி மாதம், அந்த மூன்று மாதத்தையும் முடித்துக்கொண்டு நீ டென்மார்க் திரும்பி ஹோர்சன்ஸ் வீட்டில் வந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? இடியப்பமும் கோழிக்கறியும் சொதியும் வைத்திருந்தேன். மெலிந்து கறுத்துப் போய் வந்திருந்தாய். சாப்பிடக் கை வைக்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பதக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாய். மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் பதக்கம். எங்கள் கோயிலிலிருந்து போன கோட்டுகளின் உள் லைனிங்கில் அது தைத்திருந்தது என்றாய். முகாமில் ஒரு தாய் கோட்டைப் போட்டுப் பார்க்கும்போது ஓரத்தில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட, பிரித்துப் பார்த்திருக்கிறாள். வரிசையில் நின்ற மற்றவர்களும் தங்கள் கோட்டுகளைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். உடுப்புக் கொடுப்பதுபோலக் கொடுத்து மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று அன்று மத்தியானத்துக்குள் முகாம் முழுக்கக் கதை பரவி, அதிகாரிகள் வந்து களஞ்சியத்தைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் கோட்டுகள் மட்டுமல்ல, மற்ற ஊர்களிலிருந்து வந்த போர்வை, சப்பாத்து, எல்லாம் உள்ளே. பதினெட்டு நாள்.

"ஆரோ ஒரு மனுசி, அம்மா," என்றாய் நீ. "நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சிருப்பா. ஒவ்வொரு கோட்டா நாங்கள் இருந்து பிரிச்சனாங்கள். வெளியில சின்னப் பிள்ளையள் மழைக்குள்ள பிளாஸ்டிக் செருப்போட நிண்டதுகள். அவ இஞ்ச சூடா இருந்திருப்பா." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாய். நான் சொதிச் சட்டியை எடுத்து உன் கோப்பையில் ஊற்றிக்கொண்டே, "எனக்கென்ன தெரியும். நீ சாப்பிடு, ஆறப்போகுது" என்றேன்.

அந்த மனுசி நான்தான், தம்பி.

இதை எழுதியபிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எப்படிச் செய்தேன் என்று சொல்லாமல் விட்டால் நான் ஏதோ தெரியாமல் செய்தவள் என்று நினைப்பாய். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். அந்தக் குளிர்காலம் எங்கள் தமிழ்க் கோயில் பெண்கள் கோட்டுகள் சேர்த்தபோது, பொத்தான் விழுந்தது, லைனிங் கிழிந்தது, சிப் போனது எல்லாம் தைப்பதற்கு என்னிடம்தான் வந்தன. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து மூன்று மணிக்கு வந்து, யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு வெளிச்சம் போகுமுன் இரண்டு மூன்று கோட்டு தைப்பேன். நாற்பத்தொரு கோட்டு தைத்தேன். நாற்பத்தொன்றிலும் லைனிங்கின் கீழ் ஓரத்தை இரண்டு விரல் அகலம் பிரித்து, ஒரு பதக்கத்தை உள்ளே வைத்து, நூல் வெளியில் தெரியாதபடி மூடினேன். சமயச் சின்னம் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது என்று உன் நிவாரண நிறுவனம் அனுப்பிய கடதாசி கோயில் மண்டபச் சுவரில் ஒட்டியிருந்தது. அதை டெனிஷிலிருந்து தமிழில் எழுதி ஒட்டியதே நான். என் கையெழுத்தில் எழுதியதை என் கையாலேயே மீறினேன்.

ஏன் செய்தேன் என்று என்னையே நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் தூர இடம் போகும்போது தாய் உடுப்பு ஓரத்தில் மாதா பதக்கம் ஒன்றைத் தைத்துவிடுவது வழக்கம். நான் மன்னாரிலிருந்து புறப்பட்டபோது அம்மா என் பாவாடை மடிப்பில் தைத்துவிட்டார். கொழும்பு, மொஸ்கோ, ஜெர்மனி எல்லாம் அது என்னோடு வந்தது. அதனால் அது எனக்கு மதம் அல்ல, தாயின் கை. அந்தக் கோட்டுகளை மடியில் வைத்துத் தைக்கும்போது, இதைப் போடப்போகிறவளுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள், அவள் எங்கே செத்தாளோ என்றுதான் நினைத்தேன். யாரையும் மதம் மாற்ற வேண்டும் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதை வைத்துத்தான் இத்தனை வருடம் நான் நித்திரை கொண்டேன். ஆனால் நினைக்காதவள் ஏன் நூலை ஒளித்துத் தைத்தாள்?

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு நான் சொல்லாத கதை. மன்னாரில் எங்கள் பக்கத்து வீடு றபியாக்காவின் வீடு. எனக்கு எட்டு வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அம்மா வேலியால் கூப்பிட்டுச் சொல்ல, றபியாக்காவின் வாப்பா வந்து தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கத் தந்தார். ஆவணித் திருவிழாவுக்கு அம்மா மடுவுக்குப் போகும்போது றபியாக்காவின் உம்மா மெழுகுதிரி வாங்கக் காசு கொடுத்துவிடுவார். இதை யாரும் மதம் என்று பிரித்துப் பார்த்ததில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள், நடுவீட்டில் எல்லோரும் பார்க்க நடந்தது. பிறகு ஓர் ஐப்பசியில், எங்கள் பெயரைச் சொல்லி ஆயுதம் தூக்கியவர்கள் வந்து, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று நாள் குறித்தார்கள். றபியாக்கா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையில் ஒரு பையோடு, எங்கள் வேலிப் படலையைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனார். நாங்கள் உள்ளே நின்றோம். அம்மாவின் கையில் ஒரு பதக்கம் இருந்தது, அந்தப் பிள்ளையின் சட்டை ஓரத்தில் தைத்துவிட எடுத்து வைத்தது. படலையைத் திறக்கப் பயம். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. நான் சின்னப்பிள்ளை அல்ல, நானும் திறக்கவில்லை. றபியாக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் எங்களைக் கண்டாரா என்று எனக்குத் தெரியாது.

ஆகவே நாற்பத்தொரு கோட்டிலும் நான் தைத்தது அன்று கொடுக்காமல் விட்டதைத்தான் என்று ஒரு நாள் எனக்கு விளங்கியது. அது விளங்கியபோது முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகுதான் வெட்கம் வந்தது. என் மனப்பாரத்தை இறக்கி வைக்க முன்பின் தெரியாத நாற்பத்தொரு பேரின் உடுப்பை எடுத்திருக்கிறேன். அவர்கள் குளிருக்கு ஒரு கோட்டுக் கேட்டவர்கள். என் பாவத்தைச் சுமக்கக் கேட்கவில்லை.

எனக்கு இது தெரியாமலும் இல்லை. நான் டென்மார்க்குக்கு வந்தது ஒரு கார்த்திகையில், செருப்போடு. அகதி முகாமுக்குப் பக்கத்து ஊரில் சின்னச் சபை ஒன்று இருந்தது. அதிலிருந்து கீர்ஸ்டன் என்ற பெண் எனக்கு மண்ணிறக் கம்பளிக் கோட்டு ஒன்று கொண்டுவந்து தந்தாள். மரப் பொத்தான் வைத்த நல்ல கோட்டு. பைக்குள் கையை விட்டால் தமிழில் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று, அட்டையில் ஆட்டுக்குட்டிப் படம், பின்பக்கத்தில் ஞாயிறு பத்து மணி என்று பேனையால் எழுதி விலாசம். மாதா இல்லாத கோயிலை நான் அதுவரை கண்டதில்லை. ஆனால் பதினாலு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. கீர்ஸ்டன் கெட்டவளும் அல்ல. எனக்கு டெனிஷில் எண்ணப் பழக்கியவள் அவள்தான். ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு எப்படிப் போகாமல் இருப்பது? பிறகு பேருந்து எடுத்து எங்கள் கத்தோலிக்கப் பூசைக்குப் போகத் தொடங்கியபோது, கடை வாசலில் ஒரு நாள் அவளைச் சந்தித்தேன். அவள் முதலில் கோட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஒருவேளை அப்படிப் பார்க்கவில்லையோ என்னவோ. எனக்கு அப்படித்தான் பட்டது, அதற்குப் பிறகு நான் அந்தக் கோட்டைப் போடவில்லை.

இப்படிப்பட்ட நான்தான் நீ இந்த வேலைக்கு முதன்முதல் சேர்ந்தபோது உன்னோடு சண்டை பிடித்தேன். "கிறிஸ்தவ நிறுவனம் எண்டு பேர். யேசுவின்ர பேரைச் சொல்லக் கூடாதெண்டால் இதிலை என்ன கிறிஸ்தவம்?" என்று கேட்டேன். நீ, டெனிஷில் தொடங்கிப் பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தாய். "நை, இல்லை அம்மா. சொல்லக் கூடாது எண்டில்லை. சாமானோட சேத்துச் சொல்லக் கூடாது. குளிரிலை நிக்கிற ஆளாலை மாட்டன் எண்டு சொல்ல ஏலாது. அப்பிடியான ஆளிட்ட ஒண்டும் கேக்கக் கூடாது." உனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. பதினாலு மாதம் அந்தச் சபையில் உட்கார்ந்து நான் படித்ததை நீ ஒரு பயிற்சி வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. கீர்ஸ்டனைப் பற்றி அன்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நீ அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னதில் ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. முதலில் பதக்கத்தைக் கண்டுபிடித்த அந்தத் தாய், பதினெட்டு நாளுக்குப் பிறகு களஞ்சியம் திறந்தபோது வந்து, தன் கோட்டை அழகாக மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் பதக்கத்தை வைத்து, "நாங்கள் கேட்டது உடுப்பு மட்டும்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லிவிட்டுப் போனாளாம். பதக்கம் இல்லாத வேறு கோட்டு ஒன்று நீ நீட்டினாயாம், அதையும் வாங்கவில்லையாம். அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. கூடவே ஒரு பொறாமையும் வருகிறது. நான் என் கோட்டைப் பதினாலு மாதம் போட்டவள். அவள் குளிரில் திரும்பி நடந்துபோனாள்.

இனி எங்கள் கோயில் மெற்றில்டா அக்காவுக்கு வருகிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கையெழுத்திலும், மற்ற எல்லோருக்கும் கோயில் ஆண்டு மலரில் அச்சிலும் வருவதற்குக் காரணம் அவர்தான். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் மடுவிலிருந்து பதக்கமும் செபமாலையும் அள்ளிக்கொண்டு வந்து, வேண்டாம் என்பவர் கையிலும் திணிக்கிறவர் என்று அவருக்குப் பெயர். அதனால் முகாமிலிருந்து முறைப்பாடு வந்து, யார் செய்தது என்று கோயிலில் பேச்சு எழுந்தபோது யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. அடுத்த வருடம் கோட்டு அடுக்க அவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவருடைய இடத்துக்கு என்னைப் போட்டார்கள். நானும் போய் நின்றேன். ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடு என்று நான் தைத்த பதக்கங்களின் பொட்டலத்தை அவர் என் கையில் தந்தது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை. நீகூட அந்த வருடம் யேசு பிறந்த நத்தார்ப் பூசைக்குப் பிறகு அவரைக் கண்டும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாய். சின்ன வயதில் அவர் பொரித்துக் கொண்டுவரும் றோல்ஸுக்காகவே கோயிலுக்கு வந்த பிள்ளை நீ. அதற்கு இரண்டு வருடம் கழித்து அவர் மகளோடு இருக்க ஒடென்சே நகரத்துக்குப் போய்விட்டார். நான் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பங்குச் சுவாமி மன்னிப்புத் தந்துவிட்டு, "அந்த அம்மாவிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டு நாலு வருடம்.

போன மாதம் உனக்கு இந்த வேலை உறுதியானதும் ஒடென்சேக்கு றெயில் எடுத்துப் போனேன். கதவைத் திறந்து, "என்ன, வழி தெரிஞ்சுதோ?" என்றார். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. நான் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்காமல் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "பொட்டலம் தந்தவள் நான். எனக்குத் தெரியாதே?"

"ஏனக்கா ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன். முதல் மாசம் பாத்தன். பிறகு அந்த வருசம் பாத்தன். பிறகு எனக்கு அலுத்துப் போச்சு."

நான் அழுதேன். அவர் அழவிட்டார், பக்கத்தில் வந்து தோளில் கைபோடவில்லை. அவர் மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னபோது அவர், "என்னட்டத் தனியச் சொன்னா எனக்கென்ன பிரியோசனம்? எனக்குத் தெரிஞ்சதைத்தானே எனக்குச் சொல்லுறாய். கோயில் மலரிலை எழுது. உன்ர மகனுக்கும் சொல்லு, அவன்தான் முதல் தெரிய வேணும்" என்றார். வாசலில் சப்பாத்துப் போடும்போது, "தம்பி எப்ப போறான்?" என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். ஒரு பெட்டியில் றோல்ஸ் வைத்துத் தந்தார். அது இப்போது நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் உறைந்தபடி இருக்கிறது. வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: மெற்றில்டா அக்கா ஒரு கோட்டிலும் ஒன்றும் வைக்கவில்லை. வைத்தவள் நான். அவரைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போகாதீர்கள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி என்ன தகுதி என்று நீ கேட்கலாம். கேள். ஆனால் சாமான் கொடுக்கிற மேசைக்கு இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் உன் நிறுவனத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள், ஆகவே சொல்லத்தான் போகிறேன். வரிசையில் நிற்கிற ஆளின் பெயரை முதலில் சரியாகச் சொல்லப் பழகு. என் பெயரை இந்த நாட்டில் ஒருவர் சரியாகச் சொல்ல மூன்று வருடம் எடுத்தது, சொன்னவளை இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறேன். சாமான் கொடுக்கும்போது படம் எடுக்க வருகிறவர்களைப் பின்னுக்கு நிற்கச் சொல். யாராவது தங்கள் கூடாரத்தில் தேநீர் தந்தால் நேரமில்லை என்று சொல்லாதே, உட்கார்ந்து குடி. அவர்கள் கொடுப்பதற்கும் ஏதாவது இருக்க வேண்டும். நன்றி சொல்லவில்லை என்று ஒருவரையும் மனதில் குறிக்காதே. கோபப்பட்டால் கேட்டுக்கொண்டு நில். உன்னைப் பார்த்து நீ யார், என்ன சமயம் என்று கேட்டால் கிறிஸ்தவன் என்று சொல், அதையும் ஒளிக்காதே. றபியாக்காவின் வாப்பா ஒளிக்கவில்லை, எங்கள் வீட்டு நடுவில் நின்றுதான் ஓதினார். நாங்கள் கேட்டதால் ஓதினார். அந்த வித்தியாசம் எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். அந்தப் பதினெட்டு நாளும் மழைக்குள் நின்ற பிள்ளைகளை நீ உன் கண்ணால் கண்டவன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். எனக்காக அதை மறந்துவிடு என்று கேட்கமாட்டேன். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னாய். இதை வாசித்த பிறகு வர மனமில்லாவிட்டால் அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பு, நான் குறை நினைக்கமாட்டேன். இல்லை, நினைப்பேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் வந்து மேசையில் இருந்து கோபித்துவிட்டுப் போ, தம்பி. அன்று நீ கேட்ட கேள்வியைத் திரும்பக் கேள். இந்த முறை சொதிச் சட்டியைத் தூக்கமாட்டேன்.

எப்படியும் உன் நீல ஜாக்கெட்டை எடுக்க நீ வரத்தான் வேண்டும். சிப் மாற்றித் தரச் சொல்லி விட்டுவிட்டுப் போனாயே, மாற்றிவிட்டேன். நேற்று மத்தியானம் சிப்பைத் தைத்து முடித்த பிறகு, பழைய பழக்கத்தில் லைனிங்கின் கீழ் ஓரத்தையும் பிரித்தேன். இடது பக்கம், இரண்டு விரல் அகலம். அந்தத் தாய் திருப்பி வைத்த பதக்கம், நீ மேசையில் போட்டுவிட்டுப் போனது, ஏழு வருடமாக என் பொத்தான் போட்டு வைக்கும் தகரப் பேணிக்குள் இருக்கிறது. அதை எடுத்து, பிரித்த ஓரத்துக்கு நேரே பிடித்தேன். என் சொந்தப் பிள்ளைதானே, இவனுக்கு வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒன்றும் வைக்காமல் ஓரத்தை மூடித் தைத்தேன். நீல ஜாக்கெட்டுக்கு வெள்ளை நூல் போட்டேன், தையல் வெளியில் தெரியட்டும் என்று. விரலால் தடவிப் பார், உள்ளே எதுவும் தட்டுப்படாது.

பதக்கத்தை ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ, வேண்டாவிட்டால் அங்கேயே விட்டுவிட்டுப் போ. எடுத்தாயா என்று நான் கேட்கமாட்டேன்.

உன் அம்மா